நண்பர்களோடு ஊர் சுற்றும்போது பேர்பெற்ற ஐஸ்கிரீம் கடைக்குப் போவது எப்படி?

புது ஊருக்கு நண்பர்களோடு போகிறீர்கள். அங்கே எல்லாரும் கைகாட்டும் ஐஸ்கிரீம் கடை ஒன்று இருக்கிறது. போனோமா, வாங்கினோமா, சாப்பிட்டோமா என்று முடிகிற வேலைக்கு வழிகாட்டி எதற்கு என்று தோன்றலாம். ஆனால் கூட்டமாகப் போகும்போது இந்தச் சின்ன வேலைதான் அடிக்கடி சொதப்பும். கவுன்டருக்கு வந்த பிறகுதான் நாலு பேர் யோசிக்கவே ஆரம்பிப்பார்கள். முதலில் வாங்கியவரின் கோன் அதற்குள் கையில் வழியத் தொடங்கியிருக்கும். பின்னால் நிற்பவர்கள் பொறுமை இழக்கும் அவசரத்தில், "சரி, எனக்கும் அதுவே" என்று எல்லாரும் ஒரே சாக்லேட்டை வாங்கிக்கொண்டு வெளியே வருவார்கள்.

தனியாகப் போகிறவருக்குக் கிடைக்காத ஒரு வசதி குழுவுக்கு உண்டு. ஆளுக்கு ஒன்றாக வேறு வேறு சுவை வாங்கினால், ஒரே தடவையில் கடையின் மெனுவில் பெரும்பகுதியை ருசி பார்த்துவிடலாம். ஒரே ஆள் எட்டு ஸ்கூப் சாப்பிட முடியாது, எட்டுப் பேர் சேர்ந்தால் எட்டையும் சுவைக்க முடியும். கீழே சொல்லும் எல்லா ஏற்பாடும் இந்த ஒரு லாபத்தைத் தவறவிடாமல் இருக்கத்தான்.

முந்தின நாளே பார்த்துக்கொள்ள வேண்டியவை

முதலில் கடை திறந்திருக்கும் நேரத்தையும் வார விடுமுறையையும் பாருங்கள். சொந்தமாக ஐஸ்கிரீம் தயாரிக்கும் சிறிய கடைகள் பலவும் தாமதமாகத்தான் திறக்கும், வாரத்தில் ஒரு நாள் மூடியிருக்கும். இணையத்தில் போட்டிருக்கும் நேரம் பழையதாக இருக்கலாம். தொலைபேசி எண் கிடைத்தால் ஒரு தடவை கேட்டுவிடுவது நல்லது. அப்படியே ரொக்கம் மட்டும்தானா, உட்கார இடம் உண்டா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். இந்த இரண்டையும் அங்கே போய்த் தெரிந்துகொண்டால் அரை மணி நேரம் வீணாகும்.

எந்தக் கடை என்று இன்னும் முடிவாகவில்லையா? தங்கியிருக்கும் இடத்திலோ, டீ குடிக்கும் இடத்திலோ கேளுங்கள். கேட்கும் விதம் முக்கியம். "இங்கே ஃபேமஸான கடை எது?" என்று கேட்டால் சுற்றுலாக்காரர்கள் போகும் கடையைச் சொல்வார்கள். "உங்கள் வீட்டுப் பிள்ளைகளை எங்கே கூட்டிப்போவீர்கள்?" என்று கேட்டுப் பாருங்கள், பதில் பல நேரம் வேறாக இருக்கும். இரண்டு கேள்விக்கும் ஒரே கடை வந்தால் யோசிக்காமல் கிளம்பலாம்.

அப்புறம், அன்றைய பயணத்தில் கடையை எங்கே வைப்பது என்பது. வயிறு முட்டச் சாப்பிட்டவுடன் போனால் இரண்டு வாய்க்கு மேல் ருசி தெரியாது. நீண்ட பேருந்துப் பயணத்துக்குச் சற்று முன்னால் போவதும் சரியில்லை, அவசரமாக விழுங்க வேண்டியிருக்கும். நன்றாக நடந்து களைத்த பிறகு, அடுத்த வேலைக்கு ஒரு மணி நேரமாவது மீதி இருக்கும்படி வைத்துக்கொள்ளுங்கள்.

எந்த நேரத்தில் போவது

இரவுச் சாப்பாட்டுக்குப் பின்னும் விடுமுறை நாள் மாலையிலும்தான் எல்லா ஊரிலும் கூட்டம் மொய்க்கும். வார நாளில், மதியத்துக்கும் மாலைக்கும் நடுவே போவதையே நான் சிபாரிசு செய்வேன். கடைக்காரருக்கும் அப்போதுதான் பேச நேரம் இருக்கும்.

கூட்டம் மட்டும் காரணமில்லை, ருசியும் மாறும். கலவையைக் கடைந்து உறையவைக்கும் மெஷினை விட்டு ஐஸ்கிரீம் வெளியே வரும்போது ஏறக்குறைய மைனஸ் 5 டிகிரி செல்சியஸில் குழைவாக இருக்கும். அதன்பின் அதை மைனஸ் 18 டிகிரிக்கும் கீழே கொண்டுபோய் இறுக வைப்பார்கள். கவுன்டரில் ஸ்கூப் போட வசதியாக மைனஸ் 12 முதல் மைனஸ் 15 வரை வைத்திருப்பார்கள். கூட்ட நேரத்தில் கண்ணாடிப் பெட்டியைத் திறந்து மூடித் திறந்து மூடி, மேல்பாகம் கொஞ்சம் இளகி மறுபடி உறையும். ஒவ்வொரு முறையும் உள்ளே இருக்கும் பனித் துகள்கள் சற்றுப் பெரிதாகும். அந்தத் துகள் ஒரு மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்கு அளவைத் தாண்டினாலே நாக்கில் நறநறப்பு தெரிய ஆரம்பிக்கும். அதனால் அதே கடையின் அதே சுவைகூட, அன்று புதிதாக வந்த தொட்டியில் ஒரு மாதிரியும், நாள் முழுக்கத் திறந்து மூடிய தொட்டியில் வேறு மாதிரியும் இருக்கும். "இன்றைக்குப் போட்டது எது?" என்று கேட்கத் தயங்க வேண்டாம். நல்ல கடைக்காரர் அந்தக் கேள்வியை விரும்புவார்.

யாருக்கு எது ஆகாது

இந்தப் பகுதியை மட்டும் தயவுசெய்து தாண்டிப் போகாதீர்கள். கடை வாசலில் வைத்துக் கேட்டால் கூச்சப்பட்டுச் சிலர் சொல்லமாட்டார்கள். அறையிலேயே, நிதானமாக இருக்கும்போது கேட்டுக்கொள்ளுங்கள்.

முதலில் ஒவ்வாமை. ஐஸ்கிரீமில் பால் இருப்பது தெரிந்ததே. வேர்க்கடலை, முந்திரி, பாதாம், பிஸ்தா போன்றவை தெரிந்தும் தெரியாமலும் வரும். கஸ்டர்டு முறையில் செய்யும் ஐஸ்கிரீமில் முட்டையின் மஞ்சள் கரு சேரும். கோனில் கோதுமை இருக்கும், சில கோன்களில் சோயாவும் சேரும். இதைவிடக் கவனிக்க வேண்டியது பொதுக் கரண்டி. பிஸ்தாவில் விட்ட ஸ்கூப்பைத் தண்ணீரில் ஒரு முக்கு முக்கிவிட்டு அடுத்த தொட்டியில் விடுவார்கள். கடலையோ மற்ற கொட்டைகளோ கடுமையான ஒவ்வாமை தருகிறவருக்கு, "இதில் நட்ஸ் இல்லை" என்ற பதில் அதனால் போதாது. கழுவிய புதுக் கரண்டியால், இன்னும் யாருக்கும் எடுக்காத தொட்டியிலிருந்து தர முடியுமா என்று கேட்க வேண்டும். முடியாது என்றாலோ, சொல்பவருக்கே நிச்சயமில்லை என்றாலோ, மூடி ஒட்டி உள்ளடக்கம் அச்சிட்ட சிறு கப் வாங்கி, ஒவ்வாமை பற்றிய எச்சரிக்கை வரியையும் படித்துப் பார்க்கலாம். அதுவும் இல்லையென்றால் அந்த நண்பர் அன்று ஐஸ்கிரீமைத் தவிர்ப்பதே பாதுகாப்பு. அவசர மருந்து வைத்திருப்பவர் என்றால் அது அறையில் இருக்கக் கூடாது, கைப்பையில் இருக்க வேண்டும். அது எந்தப் பையில் இருக்கிறது என்று இன்னொருவருக்கும் தெரிந்திருக்கட்டும்.

பால் ஒத்துக்கொள்ளாமல் வயிறு உப்புகிறவர்களுக்குப் பழச்சாறும் சர்க்கரையும் தண்ணீரும் சேர்ந்த சோர்பே வகை பொருந்தும். அதில் வழக்கமாகப் பால் சேராது. பெயர் கிட்டத்தட்ட அதே மாதிரி இருக்கும் ஷெர்பெட் வகையில் கொஞ்சம் பால் இருக்கக்கூடும், அதனால் கேட்டே வாங்குங்கள். சைவம் மட்டும் சாப்பிடுகிறவர்கள் ஜெலட்டின் சேர்ந்திருக்கிறதா என்று கேட்க வேண்டும், ஏனென்றால் அது விலங்குகளின் தோலிலிருந்தும் எலும்பிலிருந்தும் எடுப்பது. மதுவைத் தவிர்ப்பவர்கள் ரம், விஸ்கி பெயர் போட்ட சுவைகளில் எசன்ஸ் மட்டும்தானா, உண்மையான மதுவா என்று கேட்டுக்கொள்ளலாம்.

குழுவில் கர்ப்பிணி இருந்தால் மெஷினில் இருந்து சுருளாகப் பிழிந்து தரும் சாஃப்டியை விட்டுவிடுவதே நல்லது. அந்த மெஷினை நாள்தோறும் ஒழுங்காகக் கழுவாவிட்டால் லிஸ்டீரியா என்ற பாக்டீரியா தங்கிவிடும். ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் உணவுப் பாதுகாப்புத் துறையினரே கர்ப்பிணிகளுக்கு இதைத் தவிர்க்கச் சொல்கிறார்கள்.

சர்க்கரை நோய் உள்ள நண்பரை எல்லாரும் சேர்ந்து அறிவுரையால் வாட்ட வேண்டாம். எவ்வளவு என்பது அவருக்குத் தெரியும். பகிர்ந்து சாப்பிடும் முறையில் ஆளுக்கு இரண்டு மூன்று ஸ்பூன்தான் வரும் என்பதால், அவரும் தன் அளவோடு எளிதாகச் சேர்ந்துகொள்ளலாம்.

கடைக்குள் நுழைந்ததும்

நேராக வரிசையில் போய் நிற்காதீர்கள். முதலில் மெனுப் பலகையையும் கண்ணாடிப் பெட்டியையும் ஒரு பார்வை பாருங்கள். டோக்கன் முறையா, பணம் கட்டிவிட்டு வாங்குவதா, வாங்கிவிட்டுக் கட்டுவதா என்று முன்னால் நிற்பவர்களைக் கவனித்தாலே தெரிந்துவிடும்.

வரிசையில் இரண்டு பேர் நின்றால் போதும். ஒருவர் சொல்ல, ஒருவர் வாங்கிக் கைமாற்ற. எட்டுப் பேரும் நின்றால் எட்டுத் தனித்தனி ஆர்டர் ஆகும், எட்டுத் தடவை பணம் எண்ண வேண்டும். ஒருவர் நின்று இடம் பிடித்துவிட்டு, முறை வரும்போது எட்டுப் பேர் நடுவில் நுழைவதும் பின்னால் நிற்பவர்களுக்குச் செய்கிற அநியாயம். யார் யாருக்கு என்ன என்பதை போனில் எழுதி வைத்துக்கொண்டு இருவரும் நிற்கட்டும். பணத்தை ஒருவரே கட்டிவிடட்டும், கணக்கை அன்று இரவே பிரித்துக்கொள்ளலாம். கடையில் கூட்டம் இருந்தால், வாங்குவதற்கு முன்பே மேசைகளைப் பிடித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்காதீர்கள். கையில் கப்போடு நிற்பவருக்குத்தான் அந்த நாற்காலி முதலில் தேவை.

சாம்பிள் தரும் கடை என்றால் ஆளுக்கு ஒன்று, மிஞ்சினால் இரண்டு. பின்னால் நீண்ட வரிசை இருக்கும்போது அதையும் கேட்காமல் இருப்பதே மரியாதை. எது சாம்பிளுக்குத் தகுந்தது? பழக்கமில்லாத சுவை மட்டும்தான். தெரிந்த சுவையைச் சாம்பிளில் வீணாக்க வேண்டாம்.

கண்ணாடிப் பெட்டியில் என்ன பார்ப்பது

இது எனக்கு மிகவும் பிடித்த பகுதி. கொஞ்சம் கண் பழகிவிட்டால், சாப்பிடுவதற்கு முன்பே கடையைப் பற்றி நிறையத் தெரிந்துகொள்ளலாம்.

நிறத்தில் ஆரம்பியுங்கள். அரைத்த பிஸ்தாவின் இயல்பான நிறம் பளிச்சென்ற பச்சை இல்லை, மங்கலான, சற்றுப் பழுப்பு கலந்த பச்சை. வாழைப்பழம் சேர்த்தால் வெளிர் மஞ்சள் வெள்ளையோ சாம்பலோதான் வரும், பளிச்சென்ற மஞ்சள் வராது. புதினா இலையை ஊறவைத்து எடுத்தால் ஐஸ்கிரீம் வெள்ளையாகவோ லேசான பச்சையாகவோதான் இருக்கும். நிறம் கண்ணைப் பறிக்கிறது என்றால் நிறமி சேர்த்திருக்கிறார்கள் என்று பெரும்பாலும் கொள்ளலாம். அது கெடுதல் என்று சொல்ல வரவில்லை. அசல் பிஸ்தா தேடுகிறவருக்கு இது உதவும்.

அடுத்து, தொட்டியின் விளிம்புக்கு மேலே மலைபோல் குவித்து அலங்கரித்திருப்பது. பார்க்க அழகாக இருக்கும். ஆனால் விளிம்புக்கு மேலே இருக்கும் பாகத்துக்குக் குளிர் சரியாகப் போகாது, அது உருகாமல் நிற்க கெட்டிப்படுத்தும் பொருள்கள் கூடுதலாகத் தேவைப்படும். விளிம்புக்குள் அடங்கி, மூடியும் போட்டு வைத்திருக்கும் கடை என் கண்ணில் ஒரு படி மேல். மேற்பரப்பில் வெள்ளைப் பூப்போலப் பனி படிந்திருந்தால் அந்தத் தொட்டி பழசு, அல்லது வெப்பம் ஏறி இறங்கியது. ஸ்கூப் முக்கி வைக்கும் தண்ணீரையும் பாருங்கள். ஓடும் தண்ணீராக இருந்தால் நல்லது. பால் கலங்கிய தேங்கிய தண்ணீர் என்றால், அங்கே ஸ்கூப்பைத் தவிர்த்து மூடிய கப் வாங்குங்கள்.

கப்பைக் கையில் வாங்கியதும் கனத்தையும் கவனியுங்கள். எல்லா ஐஸ்கிரீமிலும் காற்று உண்டு, கடையும்போதே அது உள்ளே போகும். காற்றே இல்லையென்றால் கல்லாகிவிடும். ஆனால் அளவு மாறும். சில வகைகளில் கலவையின் அளவுக்குச் சமமாகக் காற்று சேர்த்து இரண்டு மடங்காக்கியிருப்பார்கள், அதாவது கப்பில் பாதி காற்று. ஜெலாட்டோ என்ற இத்தாலிய வகையில் காற்று குறைவு, அதனால் அதே அளவு கப் கனமாக இருக்கும். கொஞ்சம் சாப்பிட்டாலே நிறைந்துவிடும். விலையைக் கப்பின் உயரத்தை வைத்து மட்டும் ஒப்பிடாதீர்கள்.

எப்படி ஆர்டர் செய்வது

இரண்டு சுற்றாக வாங்குங்கள். குழுவாகப் போகிறவர்களுக்கு நான் சொல்லக்கூடிய மிக உருப்படியான யோசனை இதுதான்.

முதல் சுற்றில் எல்லாமே சிறிய கப். ஒரு சுவை இன்னொரு முறை வரக்கூடாது. அதில் ஒன்று கடை எதற்குப் பேர்பெற்றதோ அது. இன்னொன்று, எதுவும் கலக்காத வெறும் பால் சுவையோ வெண்ணிலாவோ. வெண்ணிலாவை யாராவது "இதை இங்கே வந்தா வாங்குவது?" என்பார்கள். ஆனால் கொட்டை, சிரப், பிஸ்கட் என்று மறைக்க எதுவும் இல்லாத சுவை அது. பாலும் கடைந்த விதமும் நன்றாக இருந்தால்தான் அது நிற்கும். மீதியை விருப்பம்போல் பிரித்துக்கொள்ளுங்கள், ஒரு பழச் சுவையாவது இருக்கட்டும்.

முதல் சுற்றில் கோன் வேண்டாம். கோனை ஆறு பேர் பகிர முடியாது, கீழே வைக்கவும் முடியாது. ஆளுக்கு ஒரு ஸ்பூன், அது கடைசிவரை அவருடையதே. நக்கிய ஸ்பூனை அடுத்த கப்பில் விடுவது சிலருக்குப் பிடிக்காது. அப்படி ஒருவர் இருந்தாலும், காலிக் கப் ஒன்றிரண்டு கேட்டு வாங்கி அதில் பிரித்துக்கொள்ளுங்கள்.

ருசி பார்க்கும் வரிசையும் முக்கியம். எலுமிச்சை போன்ற பழ சோர்பேயில் ஆரம்பித்து, பால் சுவைகளுக்குப் போய், பிறகு பிஸ்தா, பாதாம், கடைசியில் அடர்த்தியான சாக்லேட்டும் காபியும். பாலின் கொழுப்பு நாக்கில் ஒரு படலமாகப் படியும், காபியின் கசப்பு நின்று பேசும். அவற்றை முதலில் சாப்பிட்டுவிட்டால் மென்மையான சுவைகள் அடுத்து எடுபடாது. நடுநடுவே சாதாரணத் தண்ணீர் ஒரு வாய் குடியுங்கள். குளிர்ந்த தண்ணீர் வேண்டாம்.

ஆனால் வேகமாக உருகும் சுவை இந்த வரிசைக்காகக் காத்திருக்காது. மேசையில் எது முதலில் இளகுகிறதோ அதற்கே முதலிடம்.

எல்லாம் சுவைத்த பிறகு இரண்டாம் சுற்று. எது பிடித்தது என்று இப்போது ஒவ்வொருவருக்கும் தெரியும். அவரவர் தனக்குப் பிடித்ததை, விரும்பினால் கோனில், வாங்கிக்கொண்டு நடக்கலாம். யாருக்கும் இரண்டாம் சுற்று வேண்டாம் என்றால் அதுவும் சரி, வீணாக எதுவும் வாங்கவில்லை.

சாப்பிடும்போது

அதிகக் குளிரில் நாக்கு இனிப்பைக் குறைவாகவே உணரும். உருகிய ஐஸ்கிரீம் திகட்டுவது இதனால்தான். குளிரில் தெரிய வேண்டும் என்பதற்காகவே சர்க்கரையைத் தூக்கலாகப் போட்டிருப்பார்கள். ஆகவே கல்லாக இருக்கும் கப்பை உடனே குடையாமல் ஓரம் பளபளக்கும் வரை ஓரிரு நிமிடம் விடுங்கள். அப்போதுதான் மணமும் மேலே வரும்.

வாயில் நறநறப்பு தெரிந்தால் அது என்ன என்று பார்க்கலாம். நாக்கில் வைத்ததும் கரைந்துபோனால் பனித் துகள். மணல்போல் கரையாமல் நின்றால் அது பாலில் உள்ள லாக்டோஸ் சர்க்கரை படிகமானது. இரண்டுமே உடம்புக்குக் கெடுதல் இல்லை, தொட்டி பழசாகிவிட்டது என்பதற்கு அடையாளம்.

வேகமாக விழுங்கினால் நெற்றியில் சுருக்கென்று வலி பிடிக்கும். மேல் அண்ணம் திடீரென்று குளிர்ந்து, அங்குள்ள ரத்தக் குழாய்கள் சுருங்கி விரிவதால் வருவது என்கிறார்கள். முகத்தின் உணர்ச்சியைக் கடத்தும் நரம்பு வழியே போவதால் வலி வாயில் தெரியாமல் நெற்றியில் தெரியும். பயப்பட வேண்டாம், சில நொடிகளில், அதிகம் போனால் ஓரிரு நிமிடங்களில் அடங்கிவிடும். நாக்கை மேல் அண்ணத்தில் அழுத்தி வையுங்கள், அல்லது வெதுவெதுப்பான தண்ணீர் ஒரு வாய் குடியுங்கள்.

படம் எடுக்க வேண்டும்தான். எல்லாக் கப்பும் மேசைக்கு வந்ததும் ஒரே ஒருவர் எடுத்து எல்லாருக்கும் அனுப்பட்டும், ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும். வேலை செய்பவர்களையும் பக்கத்து மேசைக்காரர்களையும் கேட்காமல் எடுக்காதீர்கள்.

கோன் வாங்கியவர்கள் விளிம்பைச் சுற்றி வழிவதை முதலில் எடுத்து, மேலே இருப்பதை நாக்கால் மெல்ல உள்ளே அழுத்திக்கொண்டே போக வேண்டும். அடி நுனியை முதலில் கடிக்கக் கூடாது. டிஷ்யூ இரண்டு கூடுதலாகவே எடுத்துக்கொள்ளுங்கள். பைக்கில் போகிறவர்கள் கடை வாசலிலேயே முடித்துவிட்டு ஏறுங்கள்.

பிடித்துப்போய் பார்சல் வாங்கினால்

தங்கும் அறை பத்துப் பதினைந்து நிமிடத்தில் வந்துவிடும், அங்கே நல்ல ஃப்ரீசர் இருக்கிறது என்றால் மட்டும் வாங்குங்கள். அறைகளில் இருக்கும் குட்டிக் குளிர்பெட்டி பலவற்றில் உறையும் அளவுக்குக் குளிர் இருக்காது. குளிர் காக்கும் பையில், ஐஸ் பேக்கோடு, இடைவெளி இல்லாமல் அடுக்கினால் சற்று அதிக நேரம் தாங்கும். முழுவதும் உருகியதை மறுபடி உறையவைக்க வேண்டாம். உள்ளிருந்த காற்று போய்விடும், பனிக்கட்டியாகத்தான் கிடைக்கும். வெகுநேரம் வெப்பத்தில் இருந்திருந்தால் கிருமியும் பெருகியிருக்கும், கொட்டிவிடுவதே சரி.

விமானத்தில் கொண்டுபோக நினைப்பவர்கள் கவனிக்க: பல விமான நிலையங்களில் ஐஸ்கிரீமைத் திரவமாகவே கணக்கிடுவார்கள், கைப்பையில் 100 மில்லிலிட்டருக்கு மேல் விடமாட்டார்கள். உலர் பனி, அதாவது டிரை ஐஸ், போட்டு எடுத்துப்போவதற்கு விமான நிறுவனத்தின் ஒப்புதலை முன்பே வாங்க வேண்டும். பயணி ஒருவருக்கு 2.5 கிலோவரைதான் அனுமதி. அதன் வெப்பநிலை மைனஸ் 78.5 டிகிரி, வெறுங்கையால் தொட்டால் தோல் புண்ணாகிவிடும். அது கரைந்து தண்ணீராகாமல் நேரடியாகக் கரியமில வாயுவாக மாறுவதால், காற்றுப் புகாமல் இறுக்கி மூடிய டப்பாவில் வைத்தால் வெடித்துவிடும். காரில் எடுத்துப்போனால் அந்த வாயு உள்ளே சேராதபடி கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கி விடுங்கள். மிச்சமானதைக் கழுவு தொட்டியில் போடாமல், குழந்தைகள் கை எட்டாத, காற்றோட்டமான வெட்டவெளியில் தானாகக் கரைய விட்டுவிடுங்கள்.